கடைசியாகச் சேர்ந்தவர் யாரிடம் விற்பார்?

2024 ஜனவரி மாத இறுதியில் கோவை நீலாம்பூர் அருகே பல ஆயிரம் பேர் திரண்டார்கள். பணத்தைப் பறிகொடுத்தவர்கள் கூட்டமாக வந்து நியாயம் கேட்பது கொங்கு மண்டலத்துக்குப் பழகிய காட்சி. ஈமு கோழியில் போட்ட பணத்துக்காக வந்திருக்கிறார்கள். திருப்பூர் பாசி நிறுவனத்தில் போட்ட பணத்துக்காக வந்திருக்கிறார்கள். இந்தக் கூட்டம் அந்த வகையல்ல. செல்போனில் விளம்பரம் பார்த்தால் தினமும் பணம் என்று ஆள் சேர்த்த மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் மீது போலீஸார் வழக்குப் பதிந்திருந்தார்கள். அதை எதிர்த்து, நிறுவனத்துக்கு ஆதரவாக அதன் உறுப்பினர்களே வந்து நின்றார்கள். எங்களுக்குப் பணம் ஒழுங்காக வருகிறது, யாரும் ஏமாறவில்லை, பிறகு எதற்கு வழக்கு என்பது அவர்கள் கேள்வி. நிறுவனமும் தன் தொழில் சட்டப்படியானது என்றே சொன்னது.

அந்த வழக்கு எப்படி முடிய வேண்டும் என்பது நீதிமன்றத்தின் வேலை. நமக்கு வேண்டியது அந்தக் கூட்டத்தின் வாதம். அதில் பொய் ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். வந்தவர்களுக்குப் பணம் வந்தது, வங்கிக் கணக்கில் ஏறியது, சிலர் அதில் வீட்டு வாடகைகூடக் கொடுத்தார்கள். இவ்வளவும் உண்மையாக இருந்தாலும் திட்டம் நேர்மையானது என்று ஆகிவிடாது. ஏனென்றால், சங்கிலி வியாபாரம் ஓடிக்கொண்டிருக்கும் காலத்தில் முன்னால் சேர்ந்தவர்களுக்குப் பணம் வந்தே தீரும். அது வந்தால்தான் அவர்கள் அடுத்தவரை அழைப்பார்கள். ‘எனக்கு வந்தது’ என்ற சாட்சியம்தான் நிறுவனம் செய்கிற விளம்பரம். அதற்காகும் செலவுதான் அந்த முதல் சில மாதக் கமிஷன்.

ஆகவே ‘அதிக லாபம் சொன்னால் நம்பாதே’ என்ற வழக்கமான எச்சரிக்கை பாதி தூரம்தான் போகும். இன்றைக்கு ஆள் சேர்க்கிறவர்கள் அதிகம் சொல்வதே இல்லை. மாதம் ஐந்தாயிரம் பத்தாயிரம் சைடு வருமானம், வீட்டுக்குத் தேவையான சோப்பும் பேஸ்ட்டும் எப்படியும் வாங்கத்தானே போகிறீர்கள், அதை எங்களிடம் வாங்குங்கள் என்று அடக்கமாகவே பேசுகிறார்கள். அடையாளத்தை வாக்குறுதியின் அளவில் தேடுவதை விட, பணம் புறப்படும் இடத்தில் தேடுவது பலன் தரும். சங்கிலிக்கு வெளியே இருக்கும் ஒருவர், கமிஷன் கனவு எதுவும் இல்லாமல், அந்தப் பொருளை அந்த விலைக்கு வாங்குகிறாரா? நான் சொல்ல வருவது இந்த ஒரு கேள்வியைத்தான். மற்ற அறிகுறிகள் எல்லாம் இந்தக் கேள்வியை உங்கள் கண்ணிலிருந்து மறைக்கச் செய்யப்படும் ஏற்பாடுகள்.

முதலில் கணக்கு. ஒருவர் ஆறு பேரைச் சேர்க்கிறார், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்க்கிறார்கள் என்று பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டுவார்கள். மூன்றாவது வரிசையோடு பேனாவை மூடிவிடுவார்கள். மூடாமல் தொடர்ந்தால், தலையாளுக்குக் கீழே பத்தாவது வரிசையில் மட்டும் 6,04,66,176 பேர் தேவை. மேலிருந்து அதுவரை மொத்தம் 7,25,59,411 பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தத் தொகை 7.21 கோடி. தொட்டில் குழந்தையையும் சேர்த்து மாநிலமே உறுப்பினராகிவிட்டது. பத்தாவது வரிசையில் நிற்கும் ஆறு கோடிப் பேருக்குச் சேர்க்க ஆள் இல்லை. எந்த வரிசையில் நிறுத்தினாலும் விகிதம் பெரிதாக மாறாது: நூற்றில் 83 பேராவது அடி வரிசையில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை.

இதற்கு அனுபவசாலிகள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். நடைமுறையில் எல்லாரும் ஆறு பேரைச் சேர்ப்பதில்லை, பலர் விலகுகிறார்கள், புதியவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், பிறகு எப்படி ஆள் தீர்ந்துபோகும் என்பார்கள். ஆள் தீர்வதில்லை என்பது சரிதான். இருந்தாலும் இன்னொரு கணக்கு இருக்கிறது, அதற்குப் பெருக்கல்கூட வேண்டாம். ஆயிரம் பேர் கொண்ட ஒரு சங்கிலியில், தலையாளைத் தவிர ஒவ்வொருவரையும் யாரோ ஒருவர் சேர்த்திருக்கிறார். ஆகவே நடந்த சேர்க்கைகள் மொத்தம் 999. ஆளுக்குச் சராசரியாக எத்தனை? ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. பத்துப் பேர் இருந்தாலும் இதுதான், பத்து லட்சம் பேர் இருந்தாலும் இதுதான். ‘நீங்கள் ரெண்டே ரெண்டு பேரைச் சேர்த்தால் போதும்’ என்ற வாக்கியம் எல்லா உறுப்பினருக்கும் ஒருபோதும் பொருந்த முடியாது. ஒருவர் இருபது பேரைச் சேர்த்திருந்தால், ஒருவரையும் சேர்க்காத குறைந்தது இருபது பேர் எங்கோ இருக்கிறார்கள். மேடையில் மாலை போட்டு நிற்கிறவரின் சாதனையும் அவர்களுடைய தோல்வியும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். உழைப்பு, மனப்பான்மை, நேர்மறைச் சிந்தனை எதுவும் இந்தச் சராசரியை ஒன்றுக்கு மேலே தூக்காது.

நம் ஊரில் இதை விளக்கச் சீட்டே போதும். இருபது பேர், இருபது மாதம், மாதம் ஐயாயிரம். யாராவது தள்ளி எடுப்பார், கழிவு மற்றவர்களுக்குப் போகும், நடத்துகிறவருக்கு அவர் கமிஷன். இருபதாவது மாதம் கணக்கு மூடும். சீட்டுக்காரர் ஓடிவிடலாம், எடுத்தவர் கட்டாமல் விடலாம். அது ஆளின் நேர்மை பற்றிய ஆபத்து. சீட்டின் கணக்கில் பிழை இல்லை, எல்லாரும் ஒழுங்காகக் கட்டினால் எல்லாருக்கும் கிடைக்கும். அதனால்தான் 1982 சீட்டு நிதிச் சட்டம் அதை முறைப்படுத்தி அனுமதித்தது. சங்கிலித் திட்டத்தில் எல்லாரும் நூறு சதவீதம் நேர்மையாக இருந்தாலும் கணக்கு மூடாது. ‘சீட்டு மாதிரிதான் அக்கா’ என்று சொல்லி யாராவது இதில் இழுத்தால், உறுப்பினர் எத்தனை பேர், எந்த மாதம் முடியும் என்று கேளுங்கள். அந்த இரண்டுக்கும் சீட்டில் பதில் உண்டு.

சங்கிலித் திட்டத்தையோ, அந்தச் சீட்டு நிதிச் சட்டம் வருவதற்கு முன்பே சட்டம் தடை செய்துவிட்டது. ரிசர்வ் வங்கி அமைத்த ஜேம்ஸ் ராஜ் குழு 1975இல் கொடுத்த பரிந்துரைகளைத் தொடர்ந்து 1978இல் பரிசுச் சீட்டு மற்றும் பணச்சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் வந்தது. அது தரும் விளக்கம் ஆச்சரியப்படும் அளவுக்கு முன்யோசனை உள்ளது. எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும், விரைவாகவோ எளிதாகவோ பணம் பண்ண வைப்பதாகச் சொல்லி, உறுப்பினர் சேர்க்கையைச் சார்ந்த ஏதோ ஒரு நிகழ்வின் பேரில் பணம் தருவதாக வாக்களிக்கும் திட்டம் பணச்சுழற்சித் திட்டம். வெறும் அதிக வட்டி மட்டும் இதற்குள் வராது; எளிதான பணமும் சேர்க்கையைச் சார்ந்த நிபந்தனையும் இரண்டும் இருக்க வேண்டும் என்று 1982இல் கல்கத்தாவின் சஞ்சயிதா நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதிக வட்டிக்கு டெபாசிட் வாங்கி ஓடுகிறவர்களைப் பிடிக்கத் தமிழ்நாடு 1997இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தைத் தனியாகக் கொண்டுவந்தது. இரண்டு நோய்க்கும் மருந்து வேறு வேறு, ஆனால் பாதிக்கப்பட்டவர் போய் நிற்பது பெரும்பாலும் ஒரே பொருளாதாரக் குற்றப்பிரிவின் வாசலில்.

சட்டத்தின் விளக்கம் உறுப்பினர் சேர்க்கையைப் பிடித்துக்கொண்டதால், திட்டம் நடத்துகிறவர்கள் கற்றுக்கொண்ட முதல் பாடம், நடுவில் ஒரு பொருளை வைப்பது. கேரளத்தில் எல்.ஐ.எஸ். என்ற நிறுவனம் லாட்டரிச் சீட்டை வைத்தது. 625 ரூபாய்க்கு ஒரு யூனிட். அதில் ஒரு பகுதிக்கு அரசு லாட்டரிச் சீட்டுகள் வாங்கித் தரப்படும். பரிசு விழுந்தால் யோகம், விழாவிட்டாலும் 1,250 ரூபாய் திரும்பக் கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒருவருக்கு 1,250 கொடுக்க இருவருடைய முழுப் பணம் வேண்டும்; லாட்டரிச் செலவு போக மிச்சத்தில்தான் கொடுக்க வேண்டும் என்பதால் இருவரும் போதாது. வழக்கை ரத்து செய்யக் கோரி நிறுவனத்தார் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2008இல் குரியச்சன் சாக்கோ வழக்கில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. இப்படி ஒரு திட்டம் எல்லாருக்கும் வாக்கைக் காப்பாற்றுவது கணிதப்படியே இயலாத காரியம் என்பதை அது அடிப்படையாக எடுத்துக்கொண்டது. நடத்துகிறவரின் நோக்கம் என்ன, இதுவரை யாராவது புகார் கொடுத்தார்களா என்ற கேள்விகளுக்குப் போகும் முன்பே கணக்கு தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. நீலாம்பூர்க் கூட்டத்தின் வாதத்துக்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்ட பதில் இது.

லாட்டரிச் சீட்டு வைப்பது எளிதில் மாட்டிக்கொள்ளும் வழி. சத்து மாவு, மூலிகைக் காப்ஸ்யூல், காந்தப் படுக்கை, தண்ணீர் சுத்திகரிப்பான், நினைவு நாணயம், ஆன்லைன் பாடத்திட்டம் என்று வைத்தால் விவாதம் நீளும். உண்மையான பொருள் இருக்கிறதே, நாங்கள் நேரடி விற்பனை அல்லவா செய்கிறோம் என்று சொல்ல முடியும். நேரடி விற்பனை என்பது பொய்யான தொழில் அல்ல என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். வீடு வீடாகப் போய்ச் சேலை விற்கிறவரும், தவணையில் பாத்திரம் கொடுக்கிறவரும் அதைத்தான் காலம் காலமாகச் செய்கிறார்கள். அவர்களுக்கு வருமானம் சேலை வாங்குகிறவரிடமிருந்து வருகிறது. வாங்கிய அம்மாள் மறுநாள் சேலை விற்கக் கிளம்ப வேண்டிய அவசியம் இல்லை.

பல அடுக்குக் கமிஷன் 1945இல் கலிஃபோர்னியாவில் நியூட்ரிலைட் சத்து மாத்திரைகளை விற்க உருவான முறை. அந்த மாத்திரைகளை விற்ற இரண்டு நண்பர்கள் 1959இல் மிச்சிகன் மாநிலத்தில் ஆம்வே நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அமெரிக்க வர்த்தக ஆணையம் பல ஆண்டுகள் விசாரித்து, 1979இல் ஆம்வே பிரமிடு திட்டம் அல்ல என்று முடிவு சொன்னது. அதே தீர்ப்பில் வருமானத்தை மிகைப்படுத்திச் சொன்னதையும் விலையை நிர்ணயித்ததையும் கண்டித்தது. விடுவித்ததற்கான காரணங்களைப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். வாங்கிய சரக்கில் 70 சதவீதத்தை விற்ற பிறகே அடுத்த சரக்கு, மாதம் பத்து வாடிக்கையாளருக்காவது சில்லறை விற்பனை, விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வது ஆகிய மூன்று விதிகள் நிறுவனத்தில் இருந்தன. மூன்றும் வெளியாள் வாங்குவதை உறுதி செய்ய முயலும் விதிகள். அன்றிலிருந்து உலகமெங்கும் பல அடுக்கு நிறுவனங்கள் அந்தத் தீர்ப்பைக் கேடயமாகத் தூக்கிக்கொண்டு வருகின்றன. அந்த விதிகளை எத்தனை பேர் கடைப்பிடிக்கிறார்கள் என்ற கேள்வியை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுகின்றன.

இந்தியாவில் ஆம்வேயின் கதை வேறு திசையில் போனது. 2007இல் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம், சேர்க்கைக் கட்டணமும் கீழ் வரிசையின் வாங்குதலைச் சார்ந்த கமிஷனும் கொண்ட அத்திட்டம் 1978 சட்டத்தின் விளக்கத்துக்குள் வருவதாகக் கண்டது. 2013இல் கேரளப் போலீஸார் அதன் இந்தியத் தலைவரைக் கைது செய்தார்கள். 2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை 757.77 கோடி ரூபாய்ச் சொத்தை முடக்கியது. திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள நிலமும் ஆலையும் அதில் அடக்கம். 2002-03 முதல் இருபது ஆண்டுகளில் 27,562 கோடி ரூபாய் வசூலானதாகவும், 2020-21 வரை 7,588 கோடி கமிஷனாகக் கொடுக்கப்பட்டதாகவும் துறை சொன்னது. இது பழைய விசாரணையின் தொடர்ச்சி, ஒத்துழைத்து வருகிறோம் என்று நிறுவனம் பதில் சொன்னது. துறையின் குற்றச்சாட்டைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கமிஷன் கால் பங்குக்கு மேல் போனதை மட்டும் வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. சாதாரண சோப்பிலும் ஏஜென்சிக்கும் கடைக்காரருக்கும் ஒரு பங்கு போகத்தான் செய்கிறது. அந்த 27,562 கோடிக்குப் பொருள் வாங்கியவர்களில் எத்தனை பேர் சங்கிலிக்கு வெளியே இருந்தார்கள் என்பதைத்தான் நான் தெரிந்துகொள்ள விரும்புவேன்.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்தப் பொருளின் உட்பொருள்களைக் குறித்துக்கொண்டு மருந்துக்கடையிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ அதே பொருளின் விலையைக் கேளுங்கள். இரண்டு மடங்கு மூன்று மடங்கு என்றால், அந்த மிச்சம்தான் மேலே ஏறும் கமிஷன். அடுத்தது: உறுப்பினராக இருந்து விலகிய யாராவது இன்னும் அதைக் காசு கொடுத்து வாங்குகிறாரா? நல்ல பற்பசை என்றால் வேலையை விட்ட பிறகும் அதே பற்பசைதானே தேய்க்க வேண்டும். எனக்குத் தெரிந்தவரை உறுப்பினர் ஐ.டி. செயலிழந்த மாதமே அந்தப் பொருளின் அருமையும் மறந்துபோகிறது.

‘ஆக்டிவாக’ இருக்க மாதாமாதம் இவ்வளவுக்கு வாங்க வேண்டும் என்ற நிபந்தனையும் வெளியாள் வாங்காததால் வருவதே. சேர்க்கைக் கட்டணம் சட்டத்தின் கண்ணில் பட்டுவிட்டதால், அது தவணை முறையில் சரக்காக உள்ளே வருகிறது. உறுப்பினர் தன் பணத்தில் தானே வாங்கி, கட்டிலுக்கு அடியில் அடுக்கி, அதை ‘டர்ன் ஓவர்’ என்று சொல்லக் கற்றுக்கொள்கிறார். அடுக்கிய டப்பாக்களின் காலாவதித் தேதியைப் பார்த்தாலே சில வீடுகளில் சங்கிலியின் ஆயுளைச் சொல்லிவிடலாம்.

கமிஷன் கணக்கிடும் முறை எவ்வளவு சிக்கலாக இருக்கிறதோ அவ்வளவு எச்சரிக்கை வேண்டும். நம் ஊரில் அதிகம் புழங்குவது ‘லெஃப்ட், ரைட்’ என்னும் இருகால் திட்டம். உங்களுக்குக் கீழே இடது கை, வலது கை என்று இரண்டு வரிசை. இரண்டு பக்கமும் ஜோடி சேர்ந்தால்தான் பணம். இடப்பக்கம் நூறு பேர் வந்துவிட்டார்கள், வலப்பக்கம் பத்துப் பேர் என்றால் பத்து ஜோடிக்குத்தான் கமிஷன்; மீதித் தொண்ணூறு பேர் கட்டிய பணத்துக்கு உங்களிடம் கணக்குக் கிடையாது. மேலே இருப்பவர் ஒரு பக்கத்தை மட்டும் நிரப்பிக் கொடுப்பார்: ‘பாருங்க, நீங்க ஒண்ணுமே செய்யாம உங்களுக்குக் கீழே நாப்பது பேர்.’ இன்னொரு பக்கம் உங்கள் சொந்த ஆட்களால் நிரம்ப வேண்டும். அதற்கும் மேல் ஒரு நாளைக்கு இத்தனை ஜோடிதான் என்று உச்சவரம்பு, குறிப்பிட்ட தேதிக்குள் ஜோடி சேராவிட்டால் சேர்த்த புள்ளிகள் அழிந்துபோகும் என்று ஒரு விதி. இந்த ஏற்பாட்டில் எந்த விற்பனைத் திறமைக்கும் இடமில்லை. வாக்களித்த பணத்தைக் கொடுக்காமல் இருப்பதற்கான காரணங்கள் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

இணையத்துக்கு வந்த பிறகு பொருளும் தேவைப்படாமல் போயிற்று. 2011இல் ஸ்பீக் ஏசியா என்ற சிங்கப்பூர் நிறுவனம், 11,000 ரூபாய் கட்டினால் வாரம் இரண்டு கருத்துக்கணிப்பு நிரப்பலாம், ஒவ்வொன்றுக்கும் 500 ரூபாய் என்று இந்தியா முழுக்க ஆள் சேர்த்தது. இப்போது விளம்பரம் பார்ப்பது, வீடியோவுக்கு லைக் போடுவது. சந்தை நிலவரத்தைக் கொஞ்சம் விசாரித்தால் போதும். இந்தியாவில் செல்போன் விளம்பரம் ஆயிரம் பேர் கண்ணில் படுவதற்கு விளம்பரதாரர் கொடுப்பது சில பத்து ரூபாயிலிருந்து சில நூறு ரூபாய் வரை. ஒரே ஆள் ஒரு நாளில் சில விளம்பரங்களைப் பார்த்ததற்கு நூற்றுக்கணக்கில் பணம் வருமானால், அது விளம்பரதாரரிடமிருந்து வந்திருக்க வழியில்லை. கட்டணம் அதிகமாகக் கட்டியவருக்கு அதே விளம்பரத்துக்கு அதிகப் பணம் என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை; விளம்பரதாரருக்கு உங்கள் கண்தான் தேவை, நீங்கள் கட்டிய தொகை அவருக்கு எதற்கு?

இவ்வளவு எளிதான கணக்கு படித்தவர்களுக்கும் ஏன் தெரிவதில்லை? தெரியாமல் இல்லை. கேட்கிற இடம் அப்படி. திட்டத்தை விளக்குகிறவர் முன்பின் தெரியாத விற்பனையாளர் அல்ல, சித்தப்பா மகன், கூடப் படித்தவன், பிள்ளைக்கு டியூஷன் எடுத்த டீச்சர். பயிற்சியின் முதல் வேலையே பெயர்ப் பட்டியல் எழுதுவது: தெரிந்தவர்கள் நூறு பேர். கல்யாணப் பத்திரிகை வைக்க எழுதும் அதே பட்டியல்தான். மொய் நோட்டில் இரண்டு தலைமுறையாகச் செய்முறையாக ஏறி இறங்கிய உறவுக் கணக்கு ஒரே மாதத்தில் விற்பனைக்கு வருகிறது. ‘மாப்ள, ஒரு நல்ல விஷயம், போன்ல சொல்ல முடியாது, ஞாயித்துக்கிழமை சாயந்தரம் ஃப்ரீயா?’ என்று அழைப்பு வரும். நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டார். கேட்டால் நேரில் வந்தால்தான் புரியும் என்பார். தன் தொழிலின் பெயரைச் சொல்லத் தயங்கும் வியாபாரியை வேறு எங்காவது பார்த்திருக்கிறோமா?

பிறகு ஓட்டல் மண்டபம், மதுரை வெயிலிலும் கழுத்தை இறுக்கும் டை, மேடையேறி அழுகிறவர், புதுக்காரின் படம், சில்வர், கோல்டு, டயமண்ட் பட்டங்கள். மாதச் சம்பளக்காரர்களைப் பற்றி இரண்டு கேலி. கேள்வி கேட்கிற வீட்டாருக்கும் நண்பருக்கும் ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், ‘நெகட்டிவ் ஆளுங்க’. அவர்களிடம் கொஞ்ச நாள் இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று அறிவுரை வேறு. பணம் வராவிட்டால், ‘சிஸ்டத்துல தப்பில்ல, நீங்க சிஸ்டத்தை ஃபாலோ பண்ணல.’ எனக்கு இந்தக் கடைசி வாக்கியம்தான் எல்லாவற்றையும் விடக் கொடுமையாகப் படுகிறது. சராசரி ஒன்றுக்குக் கீழே என்று விதிக்கப்பட்ட ஆட்டத்தில் தோற்றவரை, உன் சோம்பலால் தோற்றாய் என்று நம்பவைத்து அனுப்புகிறது. அவர் புகார் கொடுக்க மாட்டார். கொடுத்தால் தான் சேர்த்துவிட்ட அத்தையும் அத்திம்பேரும் தன்னைத்தான் முதலில் கேட்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

வருமானத்தை நிரூபிக்கக் காட்டப்படும் காசோலைப் படத்துக்கும் வங்கிக் குறுஞ்செய்திக்கும் மதிப்பில்லை. கமிஷனுக்கு வருமான வரிப் பிடித்தம் உண்டு. உண்மையாக லட்சங்களில் வாங்குகிறவருக்கு ஓராண்டு முழுமைக்குமான வரிப் பதிவு இருக்கும். அதையும், அதே ஆண்டில் தான் வாங்கிய சரக்கு, பெட்ரோல், மீட்டிங் டிக்கெட், ஓட்டல் அறை இவற்றின் செலவையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். அமெரிக்காவில் பல அடுக்கு நிறுவனங்கள் பல தாங்களாகவே வருமான அறிக்கை வெளியிடுகின்றன. அப்படிப்பட்ட 70 நிறுவனங்களின் அறிக்கைகளை அந்நாட்டு வர்த்தக ஆணைய அலுவலர்கள் ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார்கள். மிகப் பெரும்பாலோருக்கு ஆண்டுக்குக் கிடைத்தது 1,000 டாலர் அல்லது அதற்கும் குறைவு. குறைந்தது 17 நிறுவனங்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. செலவு கழிக்காத கணக்கு இது. நிறுவனங்களே எழுதிக் கொடுத்ததும்கூட.

கம்பெனிப் பதிவுச் சான்றிதழ், ஜி.எஸ்.டி. எண், ஐ.எஸ்.ஓ. முத்திரை, அமைச்சரோடு எடுத்த படம் ஆகியவற்றைச் சட்டம் கொடுத்த அனுமதியாகக் காட்டுவது எல்லாக் கூட்டத்திலும் நடக்கிறது. பதிவுச் சான்றிதழ் ஒரு கம்பெனி பிறந்திருக்கிறது என்பதற்கு மட்டும் அத்தாட்சி. அது என்ன தொழில் செய்கிறது என்பதற்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை. மாறாக, 2021 டிசம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகளைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் உபயோகம் உண்டு. சேர்க்கைக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆள் சேர்த்ததற்குப் பணம் தரக் கூடாது. சேர்ந்தவர் அபராதமின்றி விலகச் சில நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அடையாள அட்டையும் முன்கூட்டிய அனுமதியும் இல்லாமல் வீட்டுக்கு வரக் கூடாது. இன்னும் நாலு பேரை அறிமுகப்படுத்தினால் கொடுத்த விலை திரும்பி வந்துவிடும் என்று சொல்லி விற்கக் கூடாது. இந்தக் கடைசி விதி ஒன்று போதும், நான் கேள்விப்பட்ட பாதிக் கூட்டங்கள் முதல் கால் மணி நேரத்திலேயே கலைந்துவிட வேண்டியவை.

இலங்கையில் 1988 வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு, பயன் பெரும்பாலும் பங்கேற்பாளர் எண்ணிக்கை கூடுவதையோ அவர்கள் போடும் தொகை கூடுவதையோ சார்ந்திருந்தால் அது தடை செய்யப்பட்ட பிரமிடு திட்டம் என்கிறது. அங்கே மத்திய வங்கி விசாரித்து முடிவு கண்ட நிறுவனங்களின் பெயர்களைப் பகிரங்கமாகவே வெளியிடுகிறது. நம் ரிசர்வ் வங்கி 2015 ஜனவரியில் பல அடுக்கு வர்த்தகம் பற்றிப் பொதுவாக எச்சரித்தது, ‘சச்செட்’ என்ற புகார்த் தளத்தையும் 2016இல் தொடங்கியது. பெயர் சொல்லும் துணிவு இங்கேயும் வரவேண்டும். எச்சரிக்கை பொதுவாக இருக்கும்வரை, ‘அது மத்த கம்பெனிகளைப் பத்தி’ என்று சொல்லிக்கொள்ள எல்லாருக்கும் வசதி.

1978 சட்டத்தின் மூன்றாவது பிரிவு நடத்துகிறவரை மட்டும் தடுக்கவில்லை. உறுப்பினராகச் சேர்வது, வேறு விதத்தில் பங்கெடுப்பது, அதன் பேரில் பணம் வாங்குவது, அனுப்புவது எல்லாமே அதில் தடை. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை; சட்டம் எழுதப்பட்டபோது வைத்த அதிகபட்ச அபராதம் 5,000 ரூபாய், பல திட்டங்களில் ஒரு ஐ.டி.யின் விலைகூட இல்லை. சேர்ந்தவருக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்பதைத்தான் மேல் வரிசைக்காரர்கள் பிற்பாடு மிரட்டலாகப் பயன்படுத்துகிறார்கள்: புகார் கொடுத்தால் நீயும் உள்ளே போவாய் என்று. அந்த மிரட்டலுக்குப் பணிய வேண்டாம். பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் செய்தி, திட்ட அட்டவணை எதையும் அழிக்காமல் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு, மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போங்கள். பொருள் வாங்கிய தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. நிறுவனம் இன்னும் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். முடக்குவதற்கு அதன் கணக்கில் ஏதாவது மிஞ்சியிருப்பது அந்தக் காலத்தில் மட்டும்தான்.